யூவைத் தூக்கிய வாத்தியார்

ஆங்கிலத்தில் 'கலர்' என்ற சொல்லை யூ சேர்த்து அடித்தால் திரையில் அதன் காலடியில் சிவப்பாக ஒரு கோடு நெளிகிறதே, அது நோவா வெப்ஸ்டர் என்ற பள்ளிக்கூட வாத்தியாரின் கைவரிசை. மனிதர் 1843-ல் போய்ச் சேர்ந்தவர். கம்ப்யூட்டரை விடுங்கள், மின்சார பல்பைக்கூடப் பார்த்ததில்லை. இருந்தும் இன்றுவரை உலகம் பூராவும் நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார், அதுவும் சம்பளம் இல்லாமல். உயிரோடு இருந்தவரை காசு விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்தவருக்கு இந்த கதி வந்திருக்க வேண்டாம்.

வெப்ஸ்டருக்கு முன்னால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, அமெரிக்கர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள் என்று லண்டன் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஷேக்ஸ்பியர் போட்ட கையெழுத்துகள் ஆறு நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்றில்கூட இன்று நாம் எழுதுகிற மாதிரி அவர் தன் பெயரை எழுதவில்லை. 1623-ல் அவருடைய நாடகங்களை நண்பர்கள் தொகுத்து அச்சிட்டபோது 'ஹானர்' சில இடங்களில் யூவோடு வந்தது, சில இடங்களில் யூ இல்லாமல் வந்தது. லத்தீன் பக்கம் சாய்ந்தவர் ஓ-ஆர் என்று முடித்தார். பிரெஞ்சு வாடை பிடித்தவர் ஓ-யூ-ஆர் என்று முடித்தார். அச்சுக்கோப்பவருக்கு லத்தீனும் தெரியாது, பிரெஞ்சும் வேண்டாம். வரி நிறையவில்லை என்றால் ஒரு எழுத்தைச் சேர்ப்பார், இடம் போதவில்லை என்றால் ஒன்றை உருவுவார். ஒருவருடைய ஹானர் எவ்வளவு நீளம் என்பதை அந்த வரியில் மிச்சமிருந்த இடம் முடிவு செய்தது.

1746-ல் லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் ஒன்றுகூடி, சாமுவேல் ஜான்சன் என்ற பருத்த மனிதரைப் பிடித்து, 1,500 கினி பேசி, ஒரு அகராதி எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று வருஷத்தில் முடிக்கிறேன் என்றார். ஒன்பது வருஷம் ஆயிற்று. உதவிக்கு ஆறு பேர், அதில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அந்த ஐந்து பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓட்ஸ் என்ற தானியத்துக்கு, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மனிதர் தின்பது என்று பொருள் எழுதும் சாக்கில் ஸ்காட்லாந்தையே குதிரை லாயத்தில் கட்டிவைத்தார். 1755-ல் 42,000 சொற்களுக்கு மேல் அடுக்கி இரண்டு பெரிய தொகுதிகள் வெளிவந்தன.

ஜான்சன் யூ பக்கம் சாய்ந்தார். ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக வந்திருந்தால் பிரெஞ்சு அடையாளத்தோடுதான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 'மியூசிக்', 'பப்ளிக்' போன்றவற்றின் வாலில் ஒரு கேயையும் கட்டிவிட்டார். சரி, கொள்கை என்று ஒன்று இருக்கிறதே என்று பக்கங்களைப் புரட்டினால் தலை சுற்றும். மேட்டில் ஏறுகிற 'அப்ஹில்'லுக்கு இரண்டு எல் கொடுத்தவர், இறங்குகிற 'டவுன்ஹில்'லுக்கு ஒன்றுதான் கொடுத்தார். இன்னொன்று வழியில் உருண்டு விழுந்திருக்க வேண்டும். அசையக்கூடியது என்று பொருள்படும் 'மூவபிள்'ளின் நடுவில் ஈ இருக்கிறது. அசையாத 'இம்மூவபிள்'ளில் ஈ இல்லை. நமக்குத் தெரிந்த ஈயெல்லாம் அசையாததைப் பார்த்துத்தான் உட்காரும். 'எக்ஸ்டீரியர்' என்ற வெளிப்பக்கத்துக்கு ஒரு யூ வைத்தார், 'போஸ்டீரியர்' என்ற பின்பக்கத்துக்கு வைக்கவில்லை. அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார் போலும். இப்படி ஒன்பது வருஷக் களைப்பில் விழுந்த எழுத்துகளைத்தான் பின்னால் வந்த தலைமுறைகள் மன்னர் காலத்து மரபு என்று கும்பிட்டன.

இனி நம் வாத்தியார். கனெக்டிகட்டில் 1758-ல் பிறந்தார். தகப்பனார் நிலத்தை அடகு வைத்து யேல் கல்லூரியில் படிக்க வைத்தார். பட்டத்தோடு வீட்டுக்கு வந்த மகன் கையில் எட்டு டாலர் காகித நோட்டு ஒன்றைக் கொடுத்து, இனி உன் பாட்டைப் பார்த்துக்கொள் என்றார். போர்க்காலம், காகித டாலரை யாரும் மதிப்பதில்லை. மகன் சட்டம் படித்தார், கட்சிக்காரர் வரவில்லை. வேறு வழியில்லாமல் வாத்தியார் வேலைக்குப் போனார். நியூயார்க் மாநிலத்துக் கோஷன் என்ற ஊரில் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு எரிச்சல் வந்தது. இங்கிலாந்துக்காரனைத் துப்பாக்கியால் விரட்டிவிட்டோம், பாடப்புத்தகம் மட்டும் இன்னும் இங்கிலாந்துக்காரன் எழுதியதா? 1783-ல் சொந்தமாக ஓர் எழுத்துக்கூட்டும் புத்தகம் போட்டார். நீல அட்டை. அடுத்த நூறு வருஷத்தில் அது கோடிக்கணக்கில் விற்றது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் புத்தகத்தில் அவர் யூவைத் தூக்கவே இல்லை. ஜான்சன் சொன்னபடியே எல்லாச் சொல்லையும் எழுதினார். அதோடு நிற்காமல், 'ஹானர்', 'ஃபேவர்' போன்றவற்றில் யூவை நீக்குகிறவர்களை முன்னுரையில் நையாண்டி செய்தார். காதில் விழுவது யூதான், ஓ அல்ல, எடுப்பதானால் ஓவைத்தானே எடுக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை, பிற்கால வெப்ஸ்டர் உட்பட.

வாத்தியார் மனம் மாறியதற்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு காரணம். ஃபிராங்க்ளின் மின்னலோடு மட்டும் விளையாடியவர் அல்ல. 1768-ல் லண்டனில் குடியிருந்தபோது ஆங்கில அகரவரிசையில் சி, ஜே, க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய ஆறு எழுத்துகளுக்குச் சீட்டுக் கிழித்துவிட்டு, சொந்தமாக ஆறு எழுத்துகளை உருவாக்கினார். அந்த எழுத்தில் வீட்டுக்காரம்மாவின் மகள் பாலி ஸ்டீவன்சனுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பெண் கெட்டிக்காரி. அதே எழுத்தில் பதில் எழுதி, இதில் சங்கடங்கள் நிறைய இருக்கின்றன என்று அதே எழுத்திலேயே காரணமும் காட்டினாள். ஃபிராங்க்ளின் அசரவில்லை. எண்பது வயதில் வெப்ஸ்டர் கிடைத்ததும் திட்டத்தையே அவரிடம் ஒப்படைக்கப் பார்த்தார். புது எழுத்துகள் வேண்டாம், இருப்பதைச் செதுக்கலாம் என்று வெப்ஸ்டர் கிளம்பினார்.

செதுக்கல் சற்று வேகமாகிவிட்டது. 1789-ல் ஒரு கட்டுரையில் 'மெஷின்', 'டாட்டர்', 'லாஃப்' எல்லாவற்றையும் காதில் விழுகிறபடி எழுத வேண்டும் என்றார். மறு வருஷம் வந்த கட்டுரைத் தொகுப்பின் தலைப்பிலேயே ஓர் ஈ செத்துக் கிடந்தது. உள்ளே நுழைந்தவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்துக் களைத்தார்கள். பாஸ்டன் வட்டாரத்துப் பாதிரியார் ஜெரமி பெல்க்னாப், நண்பருக்கு எழுதிய கடிதத்தில் நோவா வெப்ஸ்டர் என்ற பெயரையே வெப்ஸ்டரின் விதிப்படி கொத்துக்கறி போட்டு வேடிக்கை பார்த்தார். புத்தகம் விற்கவில்லை, வாத்தியார் கையைச் சுட்டுக்கொண்டார்.

சுட்டுக்கொண்ட கைதான் புத்தி கற்றது. 1806-ல் முதல் அகராதி போட்டபோது வெப்ஸ்டர் பாதி ஆசைகளைப் பரணில் போட்டுவிட்டார். யூ போயிற்று, மியூசிக்கின் கே போயிற்று, 'சென்டர்' வாலில் ஆர்-ஈ என்பது ஈ-ஆர் என்று திரும்பி உட்கார்ந்தது. ஆசை விடாமல் 'விமென்' சொல்லைக் காதில் விழுகிறபடியே எழுதினார், 'டங்' என்ற நாக்கையும் நறுக்கினார். ஜனங்கள் யூ போனதைச் சகித்துக்கொண்டார்கள், நாக்கில் கை வைத்ததைச் சகிக்கவில்லை. கத்தரிக்காய்க் கடையில் பொறுக்குவதுபோல் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். இங்கிலாந்துக்காரர்களும் சத்தம் போடாமல் கேயை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு, அது தாங்களே செய்தது என்பதுபோல் இருந்துவிட்டார்கள். இன்று யூவுக்காக உயிரை விடத் தயாராக இருக்கும் எந்த லண்டன்காரரும் கேக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

வெப்ஸ்டருடைய உண்மையான மேதைமை மொழியில் இல்லை. சொல்லின் மூலத்தைத் தேடிப் பல வருஷம் செலவழித்து, இருபத்தாறு மொழிகளைப் பார்த்து, எல்லாம் பைபிளில் வரும் பாபேல் கோபுரத்துக் காலத்து மொழி ஒன்றிலிருந்து இறங்கின என்று முடிவு கட்டியவர் அவர். அந்தப் பகுதியை அவர் செத்த பிறகு வந்த பதிப்பாளர்கள் ஓசைப்படாமல் மாற்றிவிட்டார்கள். அவர் மேதைமை வியாபாரத்தில் இருந்தது. புத்தகத்தை எவனும் திருடி அச்சடிக்கக் கூடாது என்று மாநிலம் மாநிலமாகக் குதிரையேறிப் போய் காப்பிரைட் சட்டத்துக்கு மன்றாடினார். 1785-ல் மவுண்ட் வெர்னனுக்குப் போய் ஜார்ஜ் வாஷிங்டனையே பார்த்துப் பரிந்துரைக் கடிதம் கேட்டார். போகிற ஊரில் பொழுது போகவில்லை என்றால் தெருத்தெருவாக நடந்து வீடுகளை எண்ணி டைரியில் குறித்துக்கொள்வார். எத்தனை வீடு என்றால் எத்தனை பிள்ளை, எத்தனை பிள்ளை என்றால் எத்தனை நீல அட்டை என்று கணக்குப் போட்டாரோ என்னவோ.

1828-ல் பெரிய அகராதி வந்தது. 70,000 சொற்கள், விலை 20 டாலர். பெயர் அமெரிக்க அகராதி. அதன் கடைசிச் சொல்லை அவர் எழுதி முடித்தது 1825-ல், இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் ஒரு வாடகை அறையில். அமெரிக்க மொழியின் விடுதலைப் பத்திரத்தை எதிரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியதோடு நில்லாமல், அதை அங்கேயே அச்சிட முடியுமா என்று ஆளும் தேடினார். யாரும் சிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி அச்சிட்டார், 20 டாலருக்கு யார் வாங்குவார்கள்? இரண்டாம் பதிப்புக்கு வீட்டை அடகு வைத்தார். அவர் கண்ணை மூடியதும் ஜார்ஜ், சார்ல்ஸ் என்ற மெரியம் சகோதரர்கள் உரிமையை வாங்கி, 1847-ல் ஒரே தொகுதியாக்கி, 6 டாலருக்கு விற்றார்கள். அமெரிக்கா யூவை விட்டதற்கு 1776-ஐக் காரணம் காட்டுவார்கள். நான் இந்த 14 டாலர் தள்ளுபடியைக் காட்டுவேன்.

1776-க்கும் யூவுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தச் சுதந்திரப் பிரகடனத்தையே எடுத்துப் பாருங்கள். 'நெய்பரிங்' என்ற சொல் யூவோடு இருக்கிறது, 'ஹானர்' யூ இல்லாமல் இருக்கிறது, 'பிரிட்டிஷ்' என்ற சொல்லில் வேண்டாத ஒரு டி கூடுதலாக இருக்கிறது. அரசியல் சட்டத்தின் முகப்பில் 'டிஃபென்ஸ்' இங்கிலாந்து முறைப்படி சியோடு நிற்கிறது. இரண்டையும் இன்று ஒரு அமெரிக்கப் பிழைதிருத்தியில் ஓட்டினால் தேசத்தின் அஸ்திவாரம் முழுக்கச் சிவப்புக் கோடு.

இங்கிலாந்துக்காரர்கள் அமெரிக்காவின் மேல் சொல்கிற பழிகளில் பாதியும் இந்த ரகம்தான். இசட் அமெரிக்கச் சரக்கு, எஸ்தான் நம்முடையது என்பார்கள். 'ரியலைஸ்', 'ஆர்கனைஸ்' எல்லாவற்றையும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி முதலில் இருந்தே இசட் போட்டுத்தான் எழுதுகிறது. அலுமினியம் என்ற உலோகத்துக்குப் பெயர் வைத்தவர் ஹம்ஃப்ரி டேவி, அசல் ஆங்கிலேயர். 1808-ல் ஒரு பெயர் வைத்தார், மனசுக்குப் பிடிக்காமல் 1812-ல் 'அலுமினம்' என்று மாற்றினார், அதாவது இன்றைய அமெரிக்கப் பெயர். லண்டன் பத்திரிகை ஒன்றில் விமர்சனம் எழுதியவர், இது காதுக்கு லட்சணமாக இல்லை, சோடியம், பொட்டாசியம் என்று வரிசையாக இருக்கும்போது இதிலும் ஒரு ஐ இருக்கட்டும் என்று செருகிவிட்டார். பெயர் வைத்தவர் பேச்சை அமெரிக்கா கேட்டது, விமர்சகர் பேச்சை இங்கிலாந்து கேட்டது. 1990-ல் உலக வேதியியல் சங்கம் ஒரு பஞ்சாயத்து செய்தது. அலுமினியத்தில் இங்கிலாந்தின் ஐ இருக்கட்டும், கந்தகத்தில் அமெரிக்காவின் எஃப் இருக்கட்டும். மூன்று வருஷம் கழித்து, அலுமினம் என்றாலும் பரவாயில்லை என்று இறங்கி வந்தது. கந்தகத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

வாத்தியாரின் வெற்றியைப் பார்த்து, இது சுலபமான வேலை என்று பணக்காரர்களுக்கும் பதவியில் இருந்தவர்களுக்கும் தோன்றிவிட்டது. 1906-ல் இரும்பு அரசர் ஆண்ட்ரூ கார்னகி காசு கொடுத்து எளிய எழுத்து வாரியம் ஒன்றை ஆரம்பித்தார். வாரியம் 300 சொற்களின் பட்டியல் வெளியிட்டது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கரடி வேட்டைக்குப் போகிறவர். அதே வேகத்தில் ஆகஸ்டு மாதம் அரசாங்க அச்சகத்துக்கு உத்தரவு போட்டார்: இனி இந்த 300 சொல்லும் இப்படித்தான். லண்டன் பத்திரிகைகளுக்குத் தீபாவளி. ஜனாதிபதி கடற்படையைப் பார்வையிடப் போனபோது பத்திரிகைக்காரர்கள் ஏறியிருந்த படகில் 'பிரஸ் போட்' என்பதை ஆளுக்கொரு எழுத்துக் குறைத்து எழுதி மாட்டிவிட்டார்கள். டிசம்பரில் பிரதிநிதிகள் சபை கூடி, 142-க்கு 24 என்று ஓட்டுப் போட்டு உத்தரவைக் கவிழ்த்தது. பனாமாக் கால்வாய்க்காகக் கண்டத்தையே வெட்டத் துணிந்தவர், 'த்ரூ' என்ற சொல்லின் வாலை வெட்ட முடியாமல் பின்வாங்கினார். சொந்தக் கடிதங்களில் மட்டும் என் இஷ்டப்படி எழுதுவேன் என்று மீசையைத் துடைத்துக்கொண்டார்.

நம் ஊரில் பெரியார் 1935-ல் குடிஅரசில் ஆரம்பித்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஓர் ஆணையில் முடித்தது. ணை, லை எல்லாம் துதிக்கையை இறக்கி வைத்தன. ரூஸ்வெல்ட் கொஞ்சம் விசாரித்திருக்கலாம், ஆனால் எழுபது வருஷம் முந்திக்கொண்டுவிட்டார்.

கார்னகி வருஷம் பல காசு கொட்டிப் பார்த்துவிட்டு வாரியத்தைத் திட்டித் தீர்த்துக் கடிதம் எழுதினார். 1919-ல் இறந்தபோது உயிலில் அதற்கு ஒரு சல்லி வைக்கவில்லை. வாரியத்தில் இருந்த மெல்வில் டூயி, அதாவது நூலகங்களில் புத்தகங்களுக்கு எண் போடும் முறையைக் கொடுத்தவர், தன் பெயரிலேயே அறுவை சிகிச்சை ஆரம்பித்திருந்தார். முதல் பெயரின் வாலில் இருந்த இரண்டெழுத்தை வெட்டினார். பிறகு குடும்பப் பெயரையும் டி-யூ-ஐ என்று மூன்றெழுத்தில் அடக்கிப் பார்த்தார். லேக் பிளாசிடில் அவர் நடத்திய கிளப்பில் சாப்பாட்டு அட்டைகூட எளிய எழுத்தில்தான். சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையும் எளிய எழுத்தில் அச்சிடுகிறேன் என்று 1934-ல் கிளம்பி 1975-ல் ஓய்ந்தது. இங்கிலாந்தில் மாண்ட் ஃபாலிக் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் 1949-ல் எழுத்துச் சீர்திருத்த மசோதா கொண்டுவந்து மூன்றே ஓட்டில் தோற்றார், 87-க்கு 84. பெர்னார்டு ஷா உயிலில் பணம் எழுதிவைக்க, புது எழுத்தில் அவருடைய நாடகம் ஒன்று 1962-ல் அச்சேறியது. அதை வாங்கி வைத்தவர்கள் உண்டு, வாசித்தவர்களைப் பார்ப்பது அரிது.

ஜனாதிபதி, கோடீஸ்வரர், பாராளுமன்றம், நோபல் பரிசுக்காரர் என்று யார் தொட்டும் அசையாத விஷயத்தை அடுத்தாற்போல் அசைத்தவர்களுக்கு எழுத்தைப் பற்றி அபிப்பிராயமே கிடையாது. 1961-ல் எம்.ஐ.டி.யில் லெஸ் எர்னஸ்ட் என்பவர் கையெழுத்தைப் படிக்கும் கம்ப்யூட்டர் நிரல் ஒன்றை எழுதினார். அது கண்டபடி உளறாமல் இருக்க 10,000 சொற்களின் பட்டியல் ஒன்றைச் செருகினார். பட்டியலில் இருந்தால் சொல், இல்லாவிட்டால் சொல் அல்ல. 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் இதைத் தனி நிரலாக எழுதினார். அன்றைய வலைப்பின்னல் வழியே அது ஊர் ஊராகப் போயிற்று. பட்டியல் எந்த நாட்டு அகராதிப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, செய்தவர்கள் அமெரிக்கர்கள், அவர்களுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவர் வெப்ஸ்டர்.

பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸுக்காக ஸ்டீவ் ஜான்சன் 1975-ல் ஒரு பிழைதிருத்தி எழுதினார். (ஜான்சன் என்ற பெயருக்கு இந்த வேலையை விட்டால் வேறு வேலையில்லை போலிருக்கிறது.) டக் மெக்கில்ராய் அதை எடுத்துச் செப்பனிட்டார். அன்றைய இயந்திரத்தில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவகம் 64 கிலோபைட். இன்று ஒரு வாட்ஸப் காலை வணக்கப் படத்துக்கே போதாது. அதற்குள் 30,000 சொற்களைக் கணித வித்தை செய்து திணித்தார். 'கலர்' சொல்லில் யூ வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி இருந்தது. கட்டளையின் பின்னால் ஒரு சின்னக் கோடு போட்டு பி என்று அடிக்க வேண்டும். பி என்றால் பிரிட்டிஷ். பூமியில் கால்வாசியை ஆண்ட சாம்ராஜ்யம் கடைசியில் வந்து நின்ற இடம் அது: கோடு கிழித்துக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து வருகிற ஓர் எழுத்து.

அந்த பியின் லட்சணத்தையும் பார்க்க வேண்டும். அதைப் போட்டால் இசட் எல்லாவற்றையும் எஸ் ஆக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கும். ஆங்கில நடைக்கு நூல் எழுதிய ஃபௌலரும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் இதற்கு நேர்மாறாகச் சொன்னாலும் நாங்கள் இப்படித்தான் என்று கையேட்டிலேயே எழுதி வைத்தார்கள். எது பிரிட்டிஷ் என்பதில் பிரிட்டனின் தலைமை அகராதியை நியூஜெர்சியில் உட்கார்ந்து தள்ளுபடி செய்தவர்கள் இவர்கள். அது முதல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு முறைப்படி இசட் போட்டு எழுதுகிற பேராசிரியருக்கு, ஐயா நீங்கள் அமெரிக்கரா என்ற மரியாதை பல நிரல்களிலும் கிடைத்துவருகிறது.

1995-ல் மைக்ரோசாஃப்ட் வேர்டு அடிக்க அடிக்கவே சிவப்புக் கோடு போட ஆரம்பித்தது. அதுவரை பிழைதிருத்தியை நாம் போய்க் கூப்பிட வேண்டும், அன்றிலிருந்து அது தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது. தொண்ணூறுகளில் இந்த வகை நிரல்களின் பட்டியலில் ஒத்துழைப்பு என்று பொருள்படும் 'கோஆபரேஷன்' நடுவில் சிறு கோடு போட்ட பழைய பாணியில்தான் இருந்தது. கோடு இல்லாமல் ஒட்டி எழுதினால் நிரல் விழித்தது. கிட்டத்தட்ட அதே மாதிரி வேறென்ன இருக்கிறது என்று தேடி, 'குப்பர்டினோ' என்று யோசனை சொன்னது. கலிஃபோர்னியாவில் ஆப்பிள் கம்பெனி இருக்கிற ஊர். அவசரத்தில் குமாஸ்தாக்கள் சரி என்று தட்டினார்கள். ஐக்கிய நாடுகள், நேட்டோ, ஐரோப்பிய ஒன்றியம் எல்லாவற்றின் ஆவணங்களிலும் நாடுகள் ஒன்றோடொன்று குப்பர்டினோ செய்துகொண்டன. ராணுவக் குப்பர்டினோ, பொருளாதாரக் குப்பர்டினோ. ஐரோப்பிய ஒன்றியத்து மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வியாதிக்கு அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இப்போது உலாவிகளிலும் லிபரே ஆஃபிஸிலும் ஆங்கிலேயரையும் அமெரிக்கரையும் விலக்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்கிற நிரலின் பெயர் ஹன்ஸ்பெல். அதை எழுதியவர் லாஸ்லோ நேமெத் என்ற ஹங்கேரியர், எழுதியது ஹங்கேரிய மொழிக்காக. நம்மைப்போலவே அவர்களும் ஒரு சொல்லின் பின்னால் விகுதி மேல் விகுதியாக ஒட்டிக்கொண்டே போகிறவர்கள். அந்தச் சங்கடத்துக்குக் கட்டிய இயந்திரத்துக்கு யூ இருக்கா இல்லையா என்பது கொட்டாவி விடுகிற வேலை. அமெரிக்கப் பட்டியலைக் கொடுத்தால் அமெரிக்கன், பிரிட்டிஷ் பட்டியலைக் கொடுத்தால் பிரிட்டிஷ். அதற்கு இரண்டும் அந்நிய மொழி.

ஆனால் பட்டியலால் தீராத வழக்குகள் உண்டு. ஆஸ்திரேலியர்கள் உழைப்பு என்ற பொருளில் 'லேபர்' எழுதும்போது யூ போடுவார்கள். அங்கே உழைப்பாளர் கட்சியின் பெயரில் மட்டும் 1912 முதல் யூ கிடையாது, அமெரிக்கத் தொழிற்சங்கக் காற்று அப்போது அந்தப் பக்கம் வீசியது. அதனால் ஒரே வாக்கியத்தில் கட்சியும் உழைப்பும் வந்தால் பிழைதிருத்தி எப்படி வைத்தாலும் ஒன்றில் தடுமாறும். அமெரிக்க விண்வெளி ஓடம் 'எண்டெவர்' கேப்டன் குக்கின் கப்பல் பெயரைத் தாங்கியதால் யூவோடு பிறந்தது. 2007-ல் அதை ஏவுவதற்கு முன் ஏவுதளத்தில் நாசா கட்டிய வாழ்த்துப் பதாகையில் யூ இல்லை. பக்கத்திலேயே ஓடத்தின் மேல் பெரிய எழுத்தில் சரியான பெயர் இருந்தது. விண்வெளிக்குப் போகிறவர்களுக்குத் தலையைத் தூக்கிப் பார்க்க நேரமில்லை.

சென்னையில் பள்ளிக்கூடம் ஜான்சனின் யூவை அடித்துச் சொல்லிக்கொடுக்கிறது, பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற வேலை வெப்ஸ்டரிடம் சம்பளம் வாங்கித் தருகிறது. இணையப் பக்கத்துக்கு வண்ணம் பூசும் சிஎஸ்எஸ் மொழியில் 'கலர்' யூ இல்லாமல் எழுதினால்தான் வேலை செய்யும். யூ போட்டால் சிவப்புக் கோடுகூடக் கிடையாது, பக்கம் வெளுத்துப் போய் நிற்கும். அதே மொழி சாம்பல் நிறத்தை மட்டும் அமெரிக்க ஏ போட்டாலும் இங்கிலாந்து ஈ போட்டாலும் ஏற்றுக்கொள்கிறது. எந்தக் கட்சியிலும் சேராத நிறத்துக்கு அந்தச் சலுகை. பகல் முழுக்க யூவைத் தவிர்த்து நிரல் எழுதிய பிள்ளை, மாலையில் மேலாளருக்கு லீவு லெட்டர் எழுதும்போது 'ஃபேவர்' என்ற சொல்லில் அதை மரியாதையாகக் கொண்டுவந்து உட்காரவைக்கிறது.

பிழைதிருத்திகள் கோட்டை விட்டதில் பெரியது ஒன்று எந்தத் திரையிலும் தெரியாது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நாம் தாவும்போது, எங்கிருந்து வருகிறோம் என்பதை நம் உலாவி எதிர்த்தரப்புக்கு ஒரு வரியில் சொல்லும். அந்த வரியின் பெயர் 'ரெஃபரர்'. தொண்ணூறுகளில் அதை முன்மொழிந்தவர் ஃபிலிப் ஹாலம்-பேக்கர் என்ற ஆங்கிலேயர். நடுவில் ஒரு ஆர் விட்டுப்போயிற்று. 1996-ல் வந்த அதிகாரபூர்வ ஆவணத்திலும் அப்படியே ஏறிவிட்டது. இரண்டு நாட்டு அகராதியிலும் இல்லாத எழுத்து. பேச்சு வந்தபோது அந்த ஆவணத்தை எழுதியவர்களில் ஒருவரான ராய் ஃபீல்டிங் சொன்ன சமாதானம், சரியாக எழுதினாலும் தப்பாக எழுதினாலும் யூனிக்ஸ் பிழைதிருத்திக்கு இரண்டுமே தெரியாது என்பது. பின்னால் அந்த வரியைக் கட்டுப்படுத்த இன்னொரு விதி வந்தது. அதன் பெயரின் நடுவில் ஆர் ஒழுங்காக இரண்டு முறை இருக்கிறது. இப்போது ஒரே உலாவி, ஒரே தாவலில், விதியை இரண்டு ஆரோடு வாசித்துக்கொண்டு, அந்த வரியை ஓர் ஆரோடு அனுப்புகிறது.